வெயில் ஏறினால் கடிக்கும் கொடிக்கம்பி

மகனே, பெங்களூரின் மூன்றாம் மாடியில் இரண்டு அறை, ஒரு குளியலறை, முக்கால் பால்கனி கொண்ட பேரரசை ஆண்டுகொண்டிருப்பவனே,

உன் அப்பன் எழுதுகிறேன். கோலார் தங்கவயல் கோரமண்டல் வரிசை வீடுகளின் மின்சாரச் சக்கரவர்த்தி, பூமிக்கு அடியில் எமன் வீட்டுக்கே பல்பு மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தவன், இப்போது தங்கச் சுரங்கமான மைன்ஸ் மூடிச் சில மாதங்கள் ஆகி, சக்கரவர்த்திப் பட்டத்தைத் தவிர வேறொன்றும் கையில் இல்லாதவன். எல்லோரும் நலமா என்று கேட்டுத்தான் தொடங்க நினைத்தேன். ஆனால் நீங்கள் மூன்று பேரும் நலமாக இருக்கிறீர்களா என்ற அந்த ஒரு விஷயம்தான் நேற்றிலிருந்து எனக்குத் தெரியவில்லை. என் கையெழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்து வயசாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. பயத்தில் எழுதுகிறவனின் எழுத்து இப்படித்தான் இருக்கும்.

நேற்றுக் காலை வனிதா எஸ்டிடி பூத்துக்குப் போன் செய்து என்னைக் கூப்பிடச் சொன்னாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் மருமகள் எனக்குத் தனியாகப் போன் செய்தது இதுதான் முதல் தடவை. நான் ஓடிய ஓட்டத்தில் கோரமண்டல் ஸ்டேஷனில் நின்றிருந்த ரயில் வெட்கப்பட்டு இரண்டு அடி பின்னால் போனது. "மாமா, வாஷிங் மெஷின் ஷாக் அடிக்குது மாமா. சில நாளு கடிக்குது, சில நாளு சும்மா கீது. அவரு டெஸ்டர் வெச்சிப் பாத்துட்டு ஒண்ணுமில்லன்றாரு. உனக்குப் பிரமைன்றாரு. உங்களாண்ட கேக்கலாம்னு" என்றாள். பிளக்கைப் பிடுங்கி வை, பாப்பாவைக் குளியலறைப் பக்கம் விடாதே என்று சொன்னேன். சரி என்றாள். சொல்லும்போது மூக்கை உறிஞ்சினாள். எதற்கு என்று எனக்குத் தெரியும். மெஷின் கடித்ததற்கு இல்லை, பிரமை என்ற வார்த்தைக்கு.

மத்தியானம் உன் ஆபீஸுக்குப் போன் போட்டேன். "பாக்கறேம்பா. நான் செக் பண்ணிட்டேன், ஒண்ணுமில்ல. அவ சும்மா பயந்துகினு கீறா. மீட்டிங் கீதுப்பா" என்று சொல்லி வைத்துவிட்டாய். மகனே, அந்த இரண்டு வரியை நான் எங்கேயோ கேட்டிருக்கிறேன் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் நினைவு வந்தது. அது என் வசனம். பத்து வருஷத்துக்கு முன்னால் நான் உன் அம்மாவைப் பற்றிச் சொன்னது. ஒரு எழுத்து மாறாமல் உன் வாயிலிருந்து வந்திருக்கிறது. ஆகையால் நீ இதுவரை கேள்விப்படாத ஒரு கதையை உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்போது நீ பெங்களூரில் பாலிடெக்னிக் ஹாஸ்டலில் இருந்தாய். லீவுக்கு வந்தபோது உனக்கு இதில் சிரிக்கிற பாகத்தை மட்டும் நடித்துக் காட்டினேன். சிரிக்க முடியாத பாகத்தை இதுநாள் வரைக்கும் உள்ளேயே வைத்திருந்தேன்.

நம் பழைய வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் குளியலறை உனக்கு நினைவிருக்கும். அதற்கு விளக்கு கிடையாது. உன் அம்மா விடிவதற்கு முன்னால் எனக்குச் சோறு கட்டிவிட்டு, தடவித் தடவித்தான் அதற்குள் போய்க் குளிப்பாள். ஒரு நாள், "ஊருக்கெல்லாம் லைட்டு போடறீங்க, எனக்கு ஒரு பல்பு போடக் கூடாதா" என்று கேட்டாள். சும்மா கேட்டாள். ஆனால் கேட்டது யாரை. நான் மூன்றே நாளில் போட்டேன். குவார்ட்டர்ஸில் தனியாக லைன் இழுக்கக் கூடாது என்று சட்டம். ஒயர் வாங்கக் கடைக்குப் போனால் நான்கு பேருக்குத் தெரியும். அதனால், கீழே சுரங்க லெவலில் கழித்துப் போட்டிருந்த கேபிள் ஒன்றிலிருந்து பத்து கஜம் வெட்டினேன். அதைச் சட்டைக்குள் இடுப்பைச் சுற்றிப் பட்டமகிஷி ஒட்டியாணம் பூட்டினாற்போல் பூட்டிக்கொண்டு, சுரங்க லிஃப்டான கேஜில் ஏறி மேலே வந்தேன். கேட்டில் தங்கம் ஒளித்திருக்கிறோமா என்று தடவிப் பார்க்கிறவன் என் வயிற்றைத் தட்டி, "இன்னாண்ணே, தொப்பை போட்டுட்ச்சு" என்றான். அண்ணி கைச் சோறு என்றேன். அவன் சிரித்தான், நானும் சிரித்தேன். சிரித்த சிரிப்பில் ஒட்டியாணம் ஒரு சுற்று நழுவி இறங்கியது. அந்த இருபதடியை நான் நடந்ததுபோல் எந்த ராஜாவும் சபையில் நடந்திருக்க மாட்டான்.

கழித்துப் போட்ட கேபிள் என்றால் கழிப்பதற்கு ஒரு காரணம் இருந்திருக்கும். அதன் மேல்தோல் அங்கங்கே வெடித்திருந்தது. எனக்குத் தெரியும். தெரிந்தே டேப்பைச் சுற்றி, சமையலறையிலிருந்து கூரைத் தகரத்துக்கும் மரச் சட்டத்துக்கும் நடுவில் யார் கண்ணுக்கும் படாமல் இழுத்து, குளியலறைக்குள் நாற்பது வாட் பல்பை எரியவிட்டேன். உன் அம்மா அந்த வெளிச்சத்தில் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். இந்த உலகத்தில் விளக்கைக் கண்டுபிடித்தவனுக்கே அப்படி ஒரு மரியாதை கிடைத்திருக்காது.

கொஞ்ச மாதம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு ஏர் பிளாஸ்ட் வந்தது. கீழே பாறை வெடித்தால் மேலே வீடு ஆடுவது நமக்கொன்றும் புதிதில்லையே. பாத்திரம் உருளும், யாராவது சாமியைக் கூப்பிடுவார்கள், அப்புறம் அடுப்பு வேலையைப் பார்ப்பார்கள். அன்றைக்கும் அப்படித்தான். அது முடிந்து ஒரு வாரம் இருக்கும், உன் அம்மா, "கொடிக்கம்பி சுருக்குனு கடிக்குதுங்க" என்றாள். துணி காயப்போடும் கம்பி. அதன் ஒரு முனை வேப்பமரத்தில், இன்னொரு முனை கூரைத் தகரத்தின் ஓரத்து போல்ட்டில். அந்த முனையைக் கட்டியவனும் அடியேன்தான்.

மின்சாரச் சக்கரவர்த்தி உடனே புறப்பட்டார். காலில் மைன்ஸ் பூட்ஸ், கையில் டெஸ்டர். இங்கே பூட்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. வரிசையில் என்னைப் பூட்ஸ் மாப்பிள்ளை என்று கிண்டல் செய்வார்கள். வீட்டில் பல்பு மாற்றுவதற்குக்கூட பூட்ஸ் மாட்டிக்கொண்டுதான் ஸ்டூலில் ஏறுவேன். நானும் அதைப் பெருமையாகச் சொல்லி, என் பூட்ஸைப் பார்த்தால் இடியே வழி மாறிப் போகும் என்று அளப்பேன். உண்மை வேறு. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் என்னோடு இருந்த எத்திராஜ், பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது என்று கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு ஈர லெவலில் ஒரு பம்பைத் தொட்டான். அவனை நானும் இன்னொருத்தனும் கேஜில் தூக்கிக்கொண்டு வந்தோம். கேஜ் மேலே வந்து சேரும்வரை அவன் தலை என் மடியில் இருந்தது. அன்றிலிருந்து கரண்ட் இருக்கிற இடத்தில் என் காலில் ரப்பர் இல்லாமல் நான் நின்றதில்லை. இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. பயந்தாங்கொள்ளி என்பதைவிடப் பூட்ஸ் மாப்பிள்ளை கேட்க நன்றாக இருந்தது.

ஆக, பூட்ஸோடு போய்க் கம்பியில் டெஸ்டரை வைத்தேன். பல்பு எரியவில்லை. கையால் பிடித்தேன், ஊஞ்சலாடினேன், பாட்டுக்கூட பாடினேன். ஒன்றும் இல்லை. "உனக்கு நரம்புல கோளாறு" என்று தீர்ப்பு எழுதினேன். அவள் மறுபடி மறுபடி சொன்னாள். நான் முதல் ஷிஃப்ட் முடித்து மூன்று மணிக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, சாவகாசமாக நாலரை ஐந்துக்கு மறுபடி மறுபடி டெஸ்டர் வைத்தேன். சுவிட்ச் போர்டைப் பிரித்தேன். மீட்டரை முகர்ந்து பார்த்தேன். வேப்பமரத்தையே சோதித்தேன். ஏர் பிளாஸ்ட்டில் பூமி விரிசல் விட்டு, பாதாளத்து மின்சாரம் வேர் வழியாக மேலே ஏறுகிறது என்று வரிசையைக் கூட்டி வைத்து ஒரு பிரசங்கம் செய்தேன். இரண்டு பேர் அதை நம்பி மரத்துக்கு மஞ்சள் பூசினார்கள்.

ஒரு நாள் உன் அம்மா என்னுடைய பழைய பூட்ஸை மாட்டிக்கொண்டு துணி காயப்போட்டிருக்கிறாள். புடவையும் பூட்ஸுமாக அவள் நடந்ததைப் பார்த்து வரிசையே கூடிச் சிரித்திருக்கிறது. சாயங்காலம் என்னிடம், "பூட்ஸ் போட்டா கடிக்கலங்க" என்றாள். பார், மகனே. இருபது வருஷ அனுபவமுள்ள எலெக்ட்ரீஷியனிடம் ஒரு பெண் பதிலையே தட்டில் வைத்துக் கொண்டுவந்து நீட்டுகிறாள். ரப்பர் போட்டால் கடிக்கவில்லை என்றால் கம்பியில் கரண்ட் இருக்கிறது என்றுதான் அர்த்தம். டெஸ்டர் பல்பு எரிய வேண்டுமென்றால்கூட, கரண்ட் என் உடம்பு வழியாக மண்ணுக்குள் இறங்க வேண்டும். என் காலில் அரை அங்குல ரப்பர். எரிந்தாலும் மின்மினிப்பூச்சியின் பேத்தி அளவுக்குத்தான் எரியும், பகல் வெளிச்சத்தில் அது எந்தக் கண்ணுக்குத் தெரியும். அப்ரென்டிஸ் பையனுக்குக்கூடப் புரிகிற விஷயம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பூட்ஸ் போட்டதும் உனக்கு தைரியம் வந்துட்ச்சு. இத்தத்தான் நான் நரம்புன்னேன்." மறுநாள் கேஜில் இறங்கும்போது இதைச் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தேன்.

இதுவரைக்கும் உனக்கு நான் நடித்துக் காட்டிய பாகம். இனி வருவது வேறு.

ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து வரும்போது பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா தெரு முனையிலேயே நின்றிருந்தாள். கையில் கொடிக்கு முட்டுக்கொடுக்கிற மூங்கில் கழி. என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தாள்.

"இன்னாய்யா எலெக்ட்ரீசியன் நீ. உம் பொண்டாட்டி கம்பியப் புட்சிகினு உட முடியாம மீனாட்டம் துடிக்கிறா. ஈரப் போர்வைய ரெண்டு கையாலயும் விரிச்சிப் போடப் போய்ட்டு. நான் மட்டும் இந்தக் கழியால கைல ஒரு போடு போடலன்னா, இந்நேரம் நீ சங்கு ஊதச் சொல்லிகினு இருப்பே."

உள்ளே போனேன். உன் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது மணிக்கட்டில் கழி பட்ட இடம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்து, "சோறு மூடி வெச்சிக்கீறேன்" என்றாள்.

அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. இல்லை, பொய் எதற்கு, அதற்கு முன்னாலேயே தெரியும். எவ்வளவோ வாரங்களாகப் போர்டைப் பிரித்தேன், மீட்டரைப் பார்த்தேன், மரத்தைப் பார்த்தேன், அந்தக் கூரைக்கு அடியில் மட்டும் கையை விடவில்லையே, ஏன்? அங்கே என் ஒட்டியாணம் இருக்கிறது. பழுது அங்கே இருந்துவிடக் கூடாதே என்று மற்ற இடமெல்லாம் தேடினேன். தேடுகிற மாதிரி அவ்வளவு சத்தம் போட்டது, அந்த ஒரு இடத்தில் நான் தேடவில்லை என்பது எனக்கே கேட்காமல் இருக்கத்தான்.

பாக்கியம் அக்கா அதோடு விடவில்லை. மறுநாள் காலை ஆபீஸில் கம்ப்ளெயின்ட் கொடுக்கப் போகிறேன் என்றாள், குவார்ட்டர்ஸ் ஆட்கள் வந்து முழு லைனையும் பிரித்துப் பார்க்கட்டும் என்றாள். அவர்கள் வந்தால் தகரத்தைத் தூக்குவார்கள். தூக்கினால் மைன்ஸ் கேபிள். வேலை போகும், வீடு போகும், உன் படிப்பு போகும், கேட்டில் என் தொப்பையைத் தட்டினவன் எல்லோருக்கும் முன்னால் என்னைப் பார்ப்பான். நான் பாக்கியம் அக்காவை ஓரமாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னேன்: "கரண்டெல்லாம் இல்லக்கா. அவளுக்கு வலிப்பு. வெளிய சொல்லாத, பையனுக்கு நாளைக்குப் பொண்ணு பாக்கணும்."

அதை நான்தான் சொன்னேன், மகனே. வேறு யாரும் சொல்லவில்லை. சாவின் வாசல்வரை போய் வந்த என் பெண்டாட்டிக்கு, என் வேலையைக் காப்பாற்ற, வலிப்பு நோய் என்று பெயர் வைத்தேன். ஜோடித்துப் பேசுவதில் எனக்குள்ள திறமை உனக்குத் தெரியும். அன்று அந்தத் திறமை முழுவதையும் அதற்குச் செலவழித்தேன். அக்கா நம்பிவிட்டாள். பாவம், கண் கலங்கிவிட்டாள்.

வெளியே சொல்லாதே என்றால் அது எத்தனை நேரம் உள்ளே இருக்கும். இரண்டு நாளில் தண்ணீர்க் குழாயடியில் யாரோ ஒருத்தி உன் அம்மாவிடம், வலிப்பு வந்தால் இரும்புச் சாவியைக் கையில் கொடுத்தால் சரியாகிவிடும் என்று அன்பாகச் சொல்லியிருக்கிறாள். அன்று நான் வேலையிலிருந்து வந்தபோது வீட்டில் சத்தமே இல்லை. அழுதிருப்பாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் முன்னால், தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களை ஒரு கட்டாக வைத்தாள். ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலால் சூரியன் படம், அல்லது ஒரு மேகம். சூரியன் போட்ட தாளில் பெருக்கல் குறி. மேகம் போட்டதில் ஒன்றுமில்லை.

"எனக்கு வலிப்புன்னா வெயிலு பாத்துத்தான் வருமா" என்றாள். "பாருங்க. பத்து மணிக்கு மேல, ரெண்டு மணி சங்குக்கு முன்னாடி. வெயிலு ஏறினாத்தான் கடிக்குது. மோடம் போட்டா கடிக்கல. நீங்க வர்ற டைமுக்கு அது தூங்கிடுது. தூங்கற அதுக்குப் போயி நீங்க டெஸ்டர் வெக்கிறீங்க."

நான் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன்.

"நாளைக்கு வேலைக்குப் போவாதீங்க. என் டைமுக்கு வாங்க. என்னாட்டம் வாங்க. பூட்ஸ் வேணாம்."

மறுநாள் லீவு போட்டேன். வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. ஒரு சின்ன மேகத்துக்காக நான் வேண்டாத சாமி இல்லை. ஏசுவிடம் கேட்டேன், புத்தரிடம் கேட்டேன், மாரியம்மனிடம் கேட்டேன். மூன்று பேரும் அன்றைக்கு உன் அம்மா கட்சி. பத்தரை மணி ஆனதும் கூரைத் தகரம் டிக் டிக் என்று சத்தம் போட ஆரம்பித்தது. சூடேறினால் தகரம் விரியும், அந்தச் சத்தத்தை இருபது வருஷமாகக் கேட்கிறேன். அன்றுதான் காது கொடுத்தேன். ஏர் பிளாஸ்ட்டில் ஒரு விரற்கடை இறங்கிய தகரம், வெயிலில் இன்னும் ஒரு நூல் அளவு நகர்ந்து எதையோ தொடுகிறது. சாயங்காலம் சுருங்கி விட்டுவிடுகிறது. என் பாதாள மின்சாரத்தின் முழு ரகசியமும் அவ்வளவுதான்.

துவைக்கும் கல்லுக்குப் பக்கத்து ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்றேன். உன் அம்மா ஒரு பலகை மேல் ஏறி, பாக்கியம் அக்காவின் மூங்கில் கழியை இரண்டு கையாலும் ஓங்கியபடி எனக்குக் காவல் நின்றாள். எனக்கு எத்திராஜின் தலை மடியில் கனத்தது. "தொடுங்க" என்றாள். புறங்கையைக் கொண்டுபோனேன். புறங்கை என்றால் அடித்ததும் கை தானாக உதறிக்கொள்ளும், உள்ளங்கை என்றால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், இதையாவது நினைவில் வை. தொட்டேன்.

நான் பறந்தேன் என்று மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறேன், வேப்பமரத்தின் உச்சிக் கிளையில் உட்கார்ந்து இறங்கினேன் என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். உண்மையில் சேற்றில் உட்கார்ந்தேன், அவ்வளவுதான். தோள்வரைக்கும் யாரோ முறுக்கிப் பிழிந்த மாதிரி இருந்தது. துருப்பிடித்த தகரம் என்பதால் கரண்டைக் கொஞ்சமாகக் கொடுத்தது, அந்தக் கொஞ்சமே அப்படி. உன் அம்மா சிரிக்கவில்லை. கழியை இறக்கினாள்.

"கீதா?"

"கீது."

"வலிப்பா?"

நான் சேற்றிலிருந்து எழுந்தேன்.

மெயின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு ஏறித் தகரத்தைத் தூக்கினேன். தகரத்து ஆணி ஒன்று என் ஒயரைத் தேய்த்துத் தேய்த்து, கட்டைவிரல் நகமளவு செம்பு பளபளவென்று தெரிந்தது. கோலாரில் இத்தனை வருஷத்தில் அப்படி மின்னுகிற உலோகத்தை நான் பார்த்ததில்லை. அந்த ஒயரைத் துண்டு துண்டாக வெட்டிப் புதைத்தேன். உன் அம்மா மறுபடி இருட்டில் குளித்தாள், விளக்கு வேண்டும் என்று அதற்குப் பிறகு கேட்கவேயில்லை. பாக்கியம் அக்காவிடம் போய்க் கரண்ட்தான் என்று ஒப்புக்கொண்டேன். உன் அம்மா கேட்ட ஒரு கேள்விக்கு மட்டும் பொய் சொன்னேன். "அந்த ஒயருதான்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டாள். சத்தியமாகத் தெரியாது என்றேன்.

நேற்று வரை அந்தச் சத்தியம் அப்படியே இருந்தது. உன்னோடு பேசிவிட்டு வந்து உட்கார்ந்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மைன்ஸ் மூடியாகிவிட்டது, இனி என்னை வேலையைவிட்டு நீக்க யாரும் இல்லை, நீக்குவதற்கு வேலையும் இல்லை என்று தமாஷாகத்தான் ஆரம்பித்தேன். முடிக்கும்போது தமாஷ் வரவில்லை. அவள் முறத்தில் அரிசியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். கல்லைப் பொறுக்கிய விரல் ஒரு இடத்தில் நின்றது, பிறகு மறுபடி பொறுக்கியது.

இதை எதற்கு உனக்குச் சொல்கிறேன் என்று கேட்பாய். போன முறை வந்தபோது உன் குளியலறைக் கதவுச் சட்டத்துக்குப் பின்னால் ஒரு பழுப்பு ஒயரைப் பார்த்தேன். அது வாஷிங் மெஷினுக்குத்தான் போகிறது. இது யார் இழுத்தது என்று கேட்டேன். வீட்டுக்காரர் இழுத்தது என்றாய். சொல்லும்போது துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தாய், முகத்தில் ஈரமே இல்லை. அந்த முகம் எனக்கு மிகவும் பழக்கமானது, சவரம் செய்யும்போது தினமும் பார்த்த முகம். வீட்டுக்காரர் சுவரில் ஆணிகூட அடிக்க விடமாட்டார் என்று நீயே சொல்லியிருக்கிறாய். நீ எங்கிருந்து ஒயர் எடுத்தாய், எத்தனை ஒட்டுப் போட்டாய், எர்த் கொடுத்தாயா, மூன்றாவது பின்னை உடைத்துவிட்டுச் சொருகினாயா, எதையும் நான் கேட்கப்போவதில்லை. வீட்டுக்காரர் திட்டினால் திட்டட்டும். வீட்டைக் காலி செய்யச் சொன்னால் உலகத்தில் வீடு தீர்ந்துவிடவில்லை. நீ ரப்பர் செருப்பில் நின்று, ஆபீஸிலிருந்து வந்து, ஈரம் காய்ந்த பிறகு டெஸ்டர் வைத்திருப்பாய். அவள் வெறுங்காலில், சோப்புத் தண்ணீரில், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தொடுகிறாள். பாப்பாவுக்கு எதைக் கண்டாலும் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிற வயசு. அதற்கு மூங்கில் கழியோடு ஒரு பாக்கியம் அக்கா உன் மூன்றாம் மாடியில் இருக்கிறாளா?

நானே புறப்பட்டு வருவதாகத்தான் இருந்தேன். பெட்டியைக்கூட எடுத்தேன். உன் அம்மா அரிசியை உலையில் போட்டுவிட்டு வந்து, "நீங்க வேணாம். ரெண்டு பேரும் சேந்துகினு எதனா பாதாளம் பூகம்பம்னு பேசுவீங்க" என்று சொல்லி, அந்தப் பெட்டியிலிருந்து என் வேட்டியை எடுத்துப் போட்டுவிட்டுத் தன் புடவை இரண்டை வைத்தாள். காலை முதல் வண்டி எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டாள். பத்து வருஷத்துப் பொய்யைப் பற்றி என்னிடம் இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் திரும்பி வந்த பிறகு அது எனக்கு இருக்கிறது. எனக்குள்ளதை நான் வாங்கிக்கொள்கிறேன்.

ஆகவே இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுத்தது உன் அம்மா. கொடுப்பதற்கு முன்னால் உன் வீட்டு மெயின் ஸ்விட்சை அணைத்திருப்பாள், நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளுக்கே தெரியும். இப்போது நீ ஃபேன் ஓடாமல், வியர்த்தபடி, ஜன்னல் வெளிச்சத்தில் இதைப் படித்துக்கொண்டிருப்பாய். அவள் மெயினுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். கெஞ்சினாலும் எழுந்திருக்க மாட்டாள். அவளிடம் மீட்டிங் இருக்கிறது என்றெல்லாம் சொல்லிப் பார்க்காதே.

கடிதத்தை மடித்து வை. வனிதாவைக் கூப்பிடு. எங்கே கடித்தது, எப்போது கடித்தது, அப்போது கால் எங்கே இருந்தது என்று கேள். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே ஒரு வார்த்தை பேசாதே.

உன் அப்பா